நெய்வேலியில குளிரான்னு சிரிக்கிறவங்களுக்கு

டிசம்பர் வந்தா ஹாஸ்டல்ல ஒரு டயலாக் கேக்கும். "நெய்வேலிக்காரன் ஸ்வெட்டர் எடுத்துட்டான்டா, மார்கழி பொறந்துருச்சு!" கோத்தகிரிக்காரன் சிரிச்சா ஒத்துக்கலாம், அவனுக்கு அந்த உரிமை இருக்கு. திருச்சிக்காரனும் மதுரைக்காரனும் சேர்ந்துகிட்டுச் சிரிக்கிறதுதான் கொடுமை. உடனே போனை எடுத்து வெதர் ஆப்பைக் காட்டுவாங்க. நெய்வேலி, 21 டிகிரி. "இதுக்குப் பேரு குளிரா?"

ஆப் பொய் சொல்லல. ஆனா அது சொல்றது வெளியில இருக்கிற காத்தோட வெப்பநிலையை. நீங்களும் நானும் தூங்குறது ஒரு வீட்டுக்குள்ள. குளிருதா இல்லையாங்கிறதை அந்த வீடுதான் பெரும்பாலும் முடிவு பண்ணுது. இதுதான் என் வாதம். தமிழ்நாட்டுச் சமவெளியில குளிரை வானிலைக் கணக்குல எழுதி வெச்சுட்டு நாம தப்பிச்சுக்குறோம். அதை வீட்டுக் கணக்குல எழுதினா, சரி பண்ணவும் முடியும், சரி பண்ண வேண்டிய ஆள் யாருங்கிற கேள்வியும் வரும்.

(எல்கேஜி முதல் இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் எழுதுற தமிழ் இது. ஒற்று எங்கயாவது காணாமப் போயிருந்தா எடிட்டர்கிட்ட கேளுங்க.)

நம்ம ஊர்ல சொல்ற ஒரு பழமொழி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்: தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். இதைச் சொன்ன ஆளு குளிரை எதை வெச்சு அளந்திருக்காருன்னு பாருங்க. தரையை வெச்சும் மச்சை வெச்சும் அளந்திருக்காரு. ரெண்டுமே வீட்டோட பாகம். தெர்மாமீட்டர் இல்லாத காலத்து ஆளு, வெதர் ஆப் வெச்சிருக்கிற நம்மளை விட சரியான இடத்துல அளந்திருக்காரு.

எங்க வீடு மந்தாரக்குப்பத்துல இருக்கு. தாத்தா கட்டினது. மண் சாந்து வெச்ச செங்கல் சுவர், பனங்கைமரம், மேல நாட்டு ஓடு. சுவரோட தலைக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி வீடு முழுக்க ஓடும். சித்திரை, வைகாசியில அந்த இடைவெளிதான் எங்களைக் காப்பாத்துது. சூடான காத்து மேல ஏறி அது வழியா வெளிய போயிடும். அதே வழியா மார்கழியில ஊதக்காத்து உள்ள வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அது எப்படி வரும்னா, போர்வைக்கு எந்தப் பக்கம் ஓட்டைன்னு தேடிப் பாத்து நுழையற மாதிரி வரும்.

காத்து மட்டும்னா போர்வையால சமாளிச்சுடலாம். சுவர்தான் பெரிய விஷயம். ஐப்பசியில இருந்து வடகிழக்குப் பருவமழை. ஓட்டுல இருந்து வடியற தண்ணி சுவரடியில தெறிச்சுத் தெறிச்சு, கார்த்திகை முடியறப்போ முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கும். அப்புறம் மழை நின்னு வாடைக்காத்து அடிக்கும், சுவர் காய ஆரம்பிக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதினவங்களுக்கு இங்க மணி அடிச்சிருக்கணும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேணும். கரண்ட் கணக்குல ஒரு யூனிட்டுல மூணுல ரெண்டு பங்கு. ஈரச்சுவர் அந்த வெப்பத்தை எங்க இருந்து எடுக்கும்? தன்கிட்ட இருந்தும் அறைக்குள்ள இருந்தும் எடுக்கும். மண்பானையில தண்ணி குளிர்றது இதனாலதான். மார்கழியில எங்க வீடு ஒரு பெரிய மண்பானை, உள்ள இருக்கிற தண்ணி நாங்க.

இதோட ராத்திரி வானம் தெளிவா இருந்தா ஓடு வானத்துக்கு வெப்பத்தை விட்டுட்டு சில்லுன்னு ஆயிடும். தூங்குற உடம்பு ஏறக்குறைய 70, 80 வாட் வெப்பம் தர்ற ஒரு குண்டு பல்பு மாதிரி. அந்த பல்பு, குளிர்ந்து கிடக்குற சுவருக்கும் ஓட்டுக்கும் ராத்திரி பூரா கதிர்வீச்சாக் கொடுத்துக்கிட்டே இருக்கும். அறையில காத்து 21 டிகிரியில இருக்கலாம், சுவர் அதை விடக் கீழ இருக்கும். உங்க ஆப்புக்கு இது தெரியாது. எங்க ஆயாவுக்குத் தெரியும். "இது செவுத்துக் குளிருடா" அப்படின்னுதான் சொல்லும். வருஷா வருஷம் கார்த்திகை தீபம் முடிஞ்சதும் வடக்குச் சுவர் ஓரத்துல இருக்கிற கட்டிலை இழுத்து அறைக்கு நடுவுல போடச் சொல்லும். யாரும் அதுக்கு ரேடியேஷன் பாடம் எடுத்ததில்ல.

ஆயாவுக்கு இளைப்பு உண்டு. மத்த மாசங்கள்ல மாத்திரையோட ஓடிடும். மார்கழி, தையிலதான் ராத்திரியில எழுந்து உக்காந்துக்கும், மூச்சு விசில் அடிக்கிற சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேக்கும். ஆவி வைக்கிற மெஷின் வாங்கி மூணு வருஷமாச்சு. "வயசாயிடுச்சு, பனி ஒத்துக்கல"ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அந்த வாக்கியத்து மேலதான் கோபம். பனி ஒத்துக்கலன்னு சொல்லிட்டா அதோட பேச்சு முடிஞ்சிடுது பாருங்க. சுவரைப் பத்தி யாரும் பேச வேண்டியதில்ல.

"ஒரு வீட்டை வெச்சு ஓவரா பேசுறான்"னு நினைக்காதீங்க. 2003ல ஐரோப்பிய நாடுகளோட குளிர்கால மரணங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. மத்த மாசங்களை விடக் குளிர்காலத்துல எவ்வளவு பேர் கூடுதலா இறக்குறாங்கன்னு கணக்கு. பனியில புதைஞ்சு கிடக்குற பின்லாந்து முதல் இடத்துல இருக்கும்னு நினைப்போம். பின்லாந்துல 10 சதவீதம். முதல் இடம் போர்ச்சுகலுக்கு, 28 சதவீதம். இதமான குளிர்காலம்னு டூரிஸ்ட் போற நாடு! குளிர் கொல்லும்னு தெரிஞ்ச நாடு வீட்டைக் குளிருக்குக் கட்டுது. குளிரே இல்லைன்னு நம்புற நாடு ஓட்டை வீட்டுல நடுங்குது.

இந்தியாவுக்கும் கணக்கு இருக்கு. நாடு முழுக்க எடுத்த மரணப் பதிவுகளை வெச்சு 2018ல பிளாஸ் மெடிசின் இதழ்ல ஒரு ஆய்வு வெளியாச்சு. கடும் வெயில், கடுங்குளிர் ரெண்டையும் விட, மிதமான குளிரோட தொடர்புடைய மரணங்கள்தான் அதிகம்னு அதுல வந்தது. மிதமான குளிர். "இதுக்குப் பேரு குளிரா?"ன்னு கேக்குறீங்களே, அந்தக் குளிர்.

இப்போ நெய்வேலிக்காரனா ஒரு வயித்தெரிச்சல். எங்க ஊரு நிலக்கரிக்கு மேல உக்காந்திருக்கு. 1957ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சாரு, 1962ல சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. இங்க எடுக்குற மின்சாரம் கர்நாடகா, கேரளா வரைக்கும் போகுது. எங்க நிலக்கரி கறுப்புக் கரி கூட இல்ல, பழுப்பு நிலக்கரி. பாதிக்குப் பாதி ஈரம். அதைக் காய வெச்சு அழுத்திச் சுட்டு, வீட்டு அடுப்புக்குப் புகையில்லாத கரிக்கட்டியா 'லெக்கோ'ன்னு ஒரு காலத்துல வித்தாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க, லெக்கோ அடுப்பு ஞாபகம் இருக்கும். ஆயா இன்னும் அந்தப் பேரைச் சொல்லும்போது ஏதோ சொந்தக்காரங்க பேரு மாதிரி சொல்லும்.

இதே பழுப்பு நிலக்கரிக் கட்டியை எரிச்சுத்தான் கிழக்கு ஜெர்மனியில பழைய குடியிருப்புகளை எல்லாம் சூடாக்கிட்டு இருந்தாங்க. அறைக்கு அறை பீங்கான் ஓடு பதிச்ச அடுப்பு. காத்து நுழையற பழைய ஜன்னல், அதைச் சமாளிக்கக் கூடை கூடையாக் கரி, அதனால நகரமெல்லாம் கந்தகப் புகை. ஜெர்மனி ஒண்ணான பிறகு அந்த வீடுகள்ல பெரிய அளவுல ஜன்னலை மாத்தினாங்க, சுவருக்கு வெப்பக்காப்பு போட்டாங்க. எரிபொருள் கைக்கெட்டுற தூரத்துல இருந்தா வீட்டை யாரும் சரி பண்ண மாட்டாங்க, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டே இருப்பாங்க. நெய்வேலியோட மனநிலையும் அதேதான். வெயிலா, ஏசி மாட்டு. குளிரா, ஹீட்டர் வாங்கு. கரண்ட்தான் நம்ம ஊர்ல செய்றாங்களே!

எங்க வீட்டுல ஹீட்டர் வெச்சா என்ன ஆகும்? ஒரு சாண் இடைவெளி வழியா சூடு எல்லாம் கைமரத்துக்கு நன்றி சொல்லிட்டு வெளிய போயிடும். மீட்டர் ஓடும், ஆயா இளைக்கும்.

அந்தக் கரண்டும் எப்பவும் இருக்காது. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. எனக்கு அப்போ ஏழு வயசு. ஊருக்கே மின்சாரம் தர்ற ஊர்ல மெழுகுவர்த்தி. பாதி ஓடு பறந்துபோன வீட்டுல, தார்ப்பாய்க்குக் கீழ, நனைஞ்ச சுவரோட பொங்கல் வரைக்கும் இருந்தோம். ஹீட்டரை நம்பின வீடு அந்த மாதிரி ஒரு வாரத்துல என்ன பண்ணும்? சுவரும் கூரையும் தானே சூட்டைப் பிடிச்சு வெக்கணும்.

சரி, இடிச்சிட்டு கான்கிரீட் வீடு கட்டிட்டா? எங்க அப்பாவோட திட்டம் இதுதான். எனக்கு பிளேஸ்மென்ட் கிடைச்சிருக்கு, முதல் வருஷச் சம்பளத்தைக் காட்டி லோன், மே மாசம் ஓட்டைப் பிரிச்சிடலாம்கிறாரு. அரசாங்கமும் அதே திசையிலதான் போகுது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 2030க்குள்ள 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், 360 சதுர அடி, ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். குடிசையில இருக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல நான் யாரு. புயல்ல கூரை பறக்காத வீடுங்கிறது எவ்வளவு நிம்மதின்னு எங்க மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும்.

ஆனா வெறும் கான்கிரீட் தளம் மார்கழியைச் சமாளிச்சுட்டு சித்திரையில பழிவாங்கும். பகல் பூரா குடிச்ச வெயிலை ராத்திரி பூரா கக்கும். மத்திய அரசு 2018 டிசம்பர்ல குடியிருப்புகளுக்குன்னே 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ன்னு ஒரு விதித்தொகுப்பு கொண்டு வந்தது. கூரையோட யு-மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர்ல ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கசியுதுங்கிற கணக்கு, 1.2க்கு மேல போகக் கூடாதுன்னு அதுல இருக்கு. எந்தப் பூச்சும் இல்லாத கான்கிரீட் தளத்துக்கு அது மூணுக்கு மேல வரும். நம்ம ஊர்ல புதுசா தளம் போடுற எத்தனை பேர் மேஸ்திரிகிட்ட இந்த எண்ணைக் கேட்டிருப்பாங்க? சிவில் படிக்கிற நாலு பேர்கிட்ட நான் கேட்டேன். ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சது. அவனும் "அது எக்ஸாமுக்கு வராதுடா"ன்னான்.

அதனால அப்பாகிட்ட நான் சொல்ற யோசனை வேற. மொதல்ல ஓட்டு விளிம்புல தகரப் பீலி அடிச்சு, தண்ணி சுவரடியில தெறிக்காமத் தள்ளி விடணும். இது ஒண்ணுலயே பாதி ஓதம் குறையும். சுவர்ல எப்பவோ பூசின சிமென்ட்டைக் கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசணும். மண் சாந்து சுவர் மேல சிமென்ட் பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே மாட்டிக்கிட்டு மேல மேல ஏறும், சுண்ணாம்பு அதை மூச்சு விட விடும். கைமரத்துக்குக் கீழ மூங்கில் தட்டி அடிக்கணும், குளிர்ந்த ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு மறைப்பு. அப்புறம் அந்த ஒரு சாண் இடைவெளி. அதை அடைக்கக் கூடாது. சித்திரைக்கு அது வேணும், ஈரம் வெளிய போறதுக்கும் வேணும். கீல் வெச்ச பலகை, கயித்தால இழுத்தா மூடும். கார்த்திகையில மூடிக்கலாம், பங்குனியில திறந்துக்கலாம், சமைக்கிற நேரத்துல எப்பவும் திறந்திருக்கணும்.

எல்லா ஓட்டையையும் அடைச்சிட்டா குளிர் போயிடும்னு கிளம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஜன்னலை இறுக்கி மூடிட்டு அறைக்குள்ள கரி மூட்டிப் படுத்தவங்க காலையில எழுந்திரிக்காத செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகை இல்லாட்டியும் ஈரம் இருக்கு. இங்கிலாந்துல ராச்டேல் ஊர்ல அவாப் இஷாக்ங்கிற ரெண்டு வயசுக் குழந்தை 2020 டிசம்பர்ல இறந்துபோச்சு. காரணம் வாடகை வீட்டுச் சுவர்ல பிடிச்சிருந்த பூஞ்சாணம். அப்பா அம்மா திரும்பத் திரும்பப் புகார் சொல்லியும் சரி பண்ணல. அந்தக் குழந்தை பேர்லயே அங்க சட்டம் வந்துச்சு, சமூகக் குடியிருப்புகள்ல இவ்வளவு நாளைக்குள்ள ஓதத்தைச் சரி பண்ணியே ஆகணும்னு. நம்ம ஊர்ல "ஓதம் அடிக்குது"ன்னு ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிப் பாருங்க. "காலண்டர் மாட்டி மறைச்சுக்கோங்க"ம்பாரு.

இங்கதான் அந்தக் கோத்தகிரி நண்பனைக் கூப்பிடணும். அவனோட ஆயா இலங்கை மலையகத்துல லயத்துல பொறந்தவங்க. லயம்னா தோட்டத் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துல கட்டின வரிசை வீடு, குடும்பத்துக்கு ஒரு அறை, மேல தகரம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல லட்சக்கணக்கான பேரை இந்தியாவுக்கு அனுப்புறதா முடிவாகி, அவங்க குடும்பமும் கப்பலேறினது. வந்தவங்களுக்கு வேலை கொடுக்க 1968ல நீலகிரியில அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கினாங்க, அதுதான் இப்போ டான்டீ. நுவரெலியாக் குளிர்ல இருந்து நீலகிரிக் குளிருக்கு, லயத்துல இருந்து லைன் வீட்டுக்கு. ஜனவரியில தலைகுந்தா புல்வெளியில உறைபனி படியற மலை அது. அவன் ஒரு தடவை சாதாரணமாச் சொன்னான்: "எங்க லைன்ல யாரும் சுவரைச் சரி பண்ண மாட்டாங்கடா. வீடு நம்ம பேர்ல இல்லையே. வேலை போனா வீடும் போயிடும்."

நான் சொன்ன பீலி, சுண்ணாம்பு, மூங்கில் தட்டி எல்லாத்துக்கும் முன்னாடி வர்ற விஷயம் அவன் சொன்னதுல இருக்கு. நாளைக்கும் இந்த வீடு நம்மளோடதுங்கிற நம்பிக்கை இருந்தாதான் ஒருத்தன் ஏணியை எடுப்பான். நெய்வேலியைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்லயும் இதே கதைதான். 2023 ஜூலையில வளையமாதேவியில நெற்பயிர் நின்ன வயல்ல மண் அள்ளுற இயந்திரம் இறங்கின வீடியோவைப் பாத்திருப்பீங்க. பல வருஷத்துக்கு முன்னாடியே கையகப்படுத்தின நிலம்தான்னு நிறுவனம் சொன்னது. நிலத்தை எடுத்தது சரியா தப்பாங்கிற விவாதத்தை விடுங்க, அது தனிக் கட்டுரை. நான் கேக்குறது அந்த நடுவுல இருக்கிற வருஷங்களைப் பத்தி. எடுப்பாங்களா, எப்போ எடுப்பாங்க, எவ்வளவு கொடுப்பாங்கன்னு தெரியாத வருஷங்கள்ல ஒரு குடும்பம் ஒழுகுற கூரையை மாத்துமா? உடைஞ்ச ஓட்டுக்கு மேல பிளாஸ்டிக் பேப்பரை விரிச்சுக் கல்லை வெச்சுட்டுப் படுத்துக்கும். அப்படிப் படுத்திருக்கிற வீடுகள் எங்க பக்கம் நிறைய. அங்கயும் ஆயாக்கள் இருக்காங்க, அவங்களுக்கும் இளைப்பு இருக்கு. இழப்பீட்டுக் கணக்குல வீட்டுக்கும் மரத்துக்கும் கிணத்துக்கும் விலை போடுறாங்க. காத்திருந்த மார்கழிகளுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. இருக்கணும்னு நான் நினைக்கிறேன். முடிவு தெரியற வரைக்கும் வீட்டைப் பழுதுபார்த்துக்கொள்ளப் பணம்னு தனியா ஒரு வரி.

நம்ம டிபார்ட்மெண்ட்ல இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட் பட்டியலைப் பாத்தேன். 'ஸ்மார்ட் ஹோம்' மட்டும் ஆறு. கை தட்டினா லைட் எரியும், போன்ல இருந்து ஃபேன் நிக்கும். செய்யுங்க, மார்க் வரும். ஏழாவதா எங்க டீம் ஒண்ணு கொடுத்திருக்கோம், தலைப்பைப் பாத்து ரிவ்யூல சிரிச்சாங்க: 'நாட்டு ஓட்டு வீட்டின் குளிர்கால வெப்ப இழப்பு.' வடக்குச் சுவர்ல ரெண்டு, ஓட்டு அடியில ஒண்ணு, ஆயா கட்டில் உயரத்துல ஒண்ணு, மொத்தம் நாலு தெர்மோகப்பிள். ஒரு வாரம் இப்ப இருக்கிறபடியே அளப்போம். அடுத்த வாரம் மூங்கில் தட்டியும் மூடு பலகையும் மாட்டி அளப்போம். அந்தக் கிராஃபைத்தான் அப்பா முன்னாடி வெக்கப் போறேன். வித்தியாசம் வரலைன்னா மே மாசம் ஓட்டைப் பிரிக்க நானே ஏணி பிடிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். வித்தியாசம் வந்தா லோன் அப்ளிகேஷனைக் கிழிக்கணும்னு பந்தயம். அப்பா இன்னும் சரின்னு சொல்லல.

சிவில்ல இருந்து ஒரு ஆள் தேவைப்படுது, சுண்ணாம்புச் சாந்து விகிதம் தெரிஞ்சவங்க யாராவது. செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அடுத்த நாள் கிளம்புறோம். விருத்தாசலத்துல கடலூர் பஸ் ஏறினா மந்தாரக்குப்பத்துல இறங்கிக்கலாம். கட்டில் நடுவுல ஆயாவுக்கு. நீங்க வடக்குச் சுவர் ஓரமாத்தான் படுக்கணும்.